நவோட்னா வீட்டுக் கதவு

(நமது பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில், காலை அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதிக் கொடுக்கும்போது பேச்சு நடையை இயன்றவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



போன மாதம் செயலாளர் போனில் கூப்பிட்டார். "தம்பி, 'விளையாட்டும் வாழ்க்கையும்'னு ஒரு தலைப்பு வச்சிருக்கோம். இருபது நிமிஷம். நீ பேசுறியா?" என்று கேட்டார். "அண்ணே, நான் காலேஜ் டீமில் ஒரு நாள்கூட இருந்ததில்லையே" என்றேன். "அதனாலதான்டா உன்னைக் கூப்பிடுறேன். டீமில் இருந்தவன் கையில் மைக்கைக் கொடுத்தா, அவன் ஆடின மேட்ச்சைப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பான். சாப்பாட்டு நேரம் தாண்டிடும்" என்றார். (சிரிப்பு)

ஆகவே நான் ஆடின மேட்ச் எதுவும் இந்தப் பேச்சில் வராது. ஒரு டென்னிஸ் வீராங்கனையைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் ஜானா நவோட்னா. அவங்க ஊரில் 'யானா' என்று சொல்வார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளில் ஜானா என்றுதான் வந்தது, நானும் அப்படியே சொல்கிறேன். அரங்கத்தின் முன்வரிசையில் இருக்கிற அண்ணன்மார்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். பின்வரிசைத் தம்பிகளுக்கு இருக்காது. அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

1968-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, பிர்னோ என்ற நகரத்தில் பிறந்தவர். அன்றைக்கு அந்த நாட்டின் பெயர் செக்கோஸ்லோவாக்கியா. 1993 ஜனவரி 1-ஆம் தேதி அந்த நாடு செக், ஸ்லோவாக்கியா என்று இரண்டாகப் பிரிந்தது. பிர்னோ செக் குடியரசுக்குள் வந்தது. இன்றைக்கு செக் குடியரசின் மொத்த மக்கள் தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நம்முடைய தமிழ்நாட்டில் ஒரு ஓரத்தில் வைத்துவிடலாம். ஆனால் டென்னிஸ் என்று வந்தால் அது பெரிய வீடு. ஒன்பது முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வாங்கிய மார்ட்டினா நவரத்திலோவா பிராகாவில் பிறந்தவர். நான்கு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வாங்கிய ஹனா மாண்ட்லிகோவாவும் அந்த ஊர்க்காரர்தான்.

நவோட்னாவின் கணக்கைப் பாருங்கள். ஒற்றையரில் 24 பட்டம். இரட்டையரில் 76 பட்டம். கூட்டினால் சரியாக நூறு. கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் மட்டும் பெண்கள் இரட்டையரில் 12, கலப்பு இரட்டையரில் 4. ஒலிம்பிக்கில் 1988-லும் 1996-லும் இரட்டையரில் வெள்ளி, 1996-ல் ஒற்றையரில் வெண்கலம். 1997-ல் ஒற்றையர் தரவரிசையில் உலகத்தின் இரண்டாம் இடம். இதையெல்லாம் ஒரு பயோடேட்டாவில் எழுதிக் கொடுத்தால் எந்தக் கம்பெனிக்காரனும் உடனே வேலை போட்டுக் கொடுத்துவிடுவான்.

ஆனால் 1998 வரைக்கும் உலகம் அவரை இந்தக் கணக்கை வைத்து அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒரு தோல்வியை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டது.

அந்தத் தோல்வி 1993 ஜூலை 3-ஆம் தேதி நடந்தது. விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டி. எதிரே ஸ்டெஃபி கிராஃப். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசுகூட சரியாக ஆகவில்லை. பிற்பாடு வீடியோவில்தான் பார்த்தேன், ஒரு முறை இல்லை, பல முறை. இறுதிக்கு நவோட்னா சும்மா வந்துவிடவில்லை. காலிறுதியில் கேப்ரியலா சபாட்டினியை வென்றார், அரையிறுதியில் நவரத்திலோவாவையே வென்றார். இறுதியில் முதல் செட்டை டைபிரேக்கரில் விட்டார். இரண்டாவது செட்டை 6-1 என்று எடுத்தார். மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னால் இருக்கிறார். சர்வீஸ் அவர் கையில். அந்த கேமில் 40-30. இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் 5-1.

டென்னிஸ் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். 5-1 ஆகிவிட்டால் அதன் பிறகு ஒரே ஒரு கேம் போதும், கோப்பை அவருடையது. அதாவது, குறைந்தபட்சக் கணக்கில், ஐந்தே பாயின்ட் தூரத்தில் விம்பிள்டன் நிற்கிறது. சர்வீஸ் போடுகிறவருக்கு ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் இரண்டு வாய்ப்பு. முதல் பந்து தப்பினால் இரண்டாவது பந்து. அதுவும் தப்பினால் டபுள் ஃபால்ட், பாயின்ட் எதிராளிக்குப் போய்விடும். நவோட்னாவின் முதல் பந்து தப்பியது. இரண்டாவது பந்தும் தப்பியது.

அந்த கேம் போனது. அடுத்த கேமும் போனது. அதற்கடுத்ததும் போனது. வரிசையாக ஐந்து கேம்களை எடுத்து கிராஃப் 7-6, 1-6, 6-4 என்று ஜெயித்தார்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை 'நவோட்னா தோற்ற மேட்ச்' என்றே எல்லோரும் பேசுகிறார்கள். அது பாதி உண்மைதான். 1-4 என்று பின்தங்கிய நிலையில், எதிராளி ஒரு சறுக்குச் சறுக்கினால் போதும் என்று விழித்துக்கொண்டு நின்றாரே, அந்த ஸ்டெஃபி கிராஃப் ஜெயித்த மேட்ச்சும் அதுதான். இதை மறந்துவிட்டு ஒருத்தரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது.

பரிசளிப்பு நேரத்தில் நடந்ததுதான் உலகம் முழுக்கப் போனது. இரண்டாம் பரிசை வாங்கப் போன நவோட்னா, பரிசு கொடுக்க வந்த கென்ட் கோமகளின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா ஏதோ ஆறுதல் வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். அரச குடும்பத்துப் பெண்மணி, முன்னால் ஆயிரக்கணக்கான ஜனம், சுற்றிலும் கேமரா, எதையும் யோசிக்காமல் அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். அந்த அம்மாவும் சம்பிரதாயம் எல்லாம் பார்க்கவில்லை, கட்டி அணைத்துக்கொண்டார். என்றைக்காவது ஒருநாள் நீ இதை ஜெயிப்பாய் என்று அந்தக் கோமகள் தன்னிடம் சொன்னதாக நவோட்னா பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

சரி, ஒரு இன்ஜினியர் இதில் என்னத்தைப் பார்ப்பான்? என் வேலை தரக் கட்டுப்பாடு. தொழிற்சாலையிலிருந்து போன பாகம் வாடிக்கையாளரிடம் உடைந்து திரும்பி வந்தால் என் மேஜைக்குத்தான் வரும். உடைந்த ஷாஃப்ட், உடைந்த கியர் பல், இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஏன் உடைந்தது? புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் கடைசியாக உடைந்த இடத்தைக் காட்டி, "சார், இங்கேதான் பிரச்சினை" என்பான். அனுபவசாலி அந்த முகப்பைச் சுத்தம் செய்து பூதக்கண்ணாடியில் பார்ப்பார். மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரி கோடு கோடாகத் தெரியும். விரிசல் என்றைக்கோ ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆரம்பித்து, பாரம் ஏற ஏற, இறங்க இறங்க, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்திருக்கும். கடைசியாக முறிந்தது அந்தக் கதையின் கடைசிப் பக்கம், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த மேட்ச்சைப் பார்த்தால் எனக்கு இரண்டு விஷயம் தெரிகிறது.

ஒன்று, டென்னிஸில் கடிகாரம் கிடையாது. கிரிக்கெட்டில் நிறைய ரன் அடித்துவிட்டால் ஓவர் தீரும்வரை சமாளித்தால் போதும். கால்பந்தில் 2-0 என்று இருந்தால் பந்தைப் பின்னால் தட்டித் தட்டி நேரத்தை ஓட்டிவிடலாம். டென்னிஸில் முன்னால் இருக்கிறவர் உட்கார்ந்து காவல் காக்க முடியாது. கடைசிப் பாயின்ட்டை ஜெயித்துத்தான் தீர வேண்டும். 4-1 என்பது பாங்க்கில் போட்ட பணம் இல்லை. அதைக் காப்பாற்ற நினைத்த நிமிஷமே கை இறுகிவிடும்.

இரண்டாவது, அவருடைய ஆட்ட முறை. சர்வீஸ் போட்ட கையோடு வலையை நோக்கி ஓடி, வருகிற பந்தைத் தரையில் விழ விடாமல் அடிக்கிற ஆட்டம். பின்கோட்டில் நின்று ஆடுகிறவருக்குத் தயங்க ஒரு நொடி கிடைக்கும். இவருக்கு அது கிடைக்காது. தைரியம் இருக்கிறவரைக்கும் பார்க்க அழகான ஆட்டம். மனசில் ஒரு சந்தேகம் நுழைந்துவிட்டால், காலும் கையும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். சந்தேகத்தை ஒளித்துவைக்க இடமில்லாத ஆட்டம் அது.

பத்திரிகைகள் இந்த ஆராய்ச்சியெல்லாம் செய்யவில்லை. 'கடைசி நேரத்தில் கோட்டை விடுகிறவர்' என்று முத்திரை குத்திவிட்டார்கள். முத்திரை ஒருமுறை விழுந்துவிட்டால் அதை அழிப்பது லேசில்லை என்று நமக்கெல்லாம் தெரியும். ஹாஸ்டலில் முதல் வருஷம் வைத்த பட்டப்பெயர் இன்றைக்கும் நம்மில் பல பேரைத் துரத்திக்கொண்டுதானே இருக்கிறது! (சிரிப்பு)

அந்த முத்திரைக்குச் சாட்சி சொல்வது மாதிரி 1995-ல் இன்னொன்று நடந்தது. பிரெஞ்சு ஓப்பன், மூன்றாவது சுற்று. எதிரே அமெரிக்காவின் சாண்டா ரூபின். மூன்றாவது செட்டில் நவோட்னா 5-0, அந்த கேமில் 40-0. மொத்தம் ஒன்பது மேட்ச் பாயின்ட் கிடைத்தது. ஒன்பதையும் விட்டார். ரூபின் அந்த செட்டை 8-6 என்று எடுத்து ஜெயித்தார்.

பிறகு 1997. மறுபடி விம்பிள்டன் இறுதி. எதிரே 16 வயசு மார்ட்டினா ஹிங்கிஸ். முதல் செட்டை நவோட்னா 6-2 என்று எடுத்தார். அடுத்த இரண்டையும் ஹிங்கிஸ் 6-3, 6-3 என்று எடுத்துக்கொண்டார். இரண்டாம் பரிசுத் தட்டைக் கொடுக்க அதே கென்ட் கோமகள். 1991-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் மோனிகா செலஸிடம் தோற்றதையும் சேர்த்தால், மூன்று கிராண்ட் ஸ்லாம் இறுதி. மூன்றிலும் தோல்வி. இரண்டு மேட்ச்சில் முதல் செட்டை ஜெயித்துவிட்டுத் தோல்வி. வயசு 28 முடியப் போகிறது. எதிரே வருகிறதெல்லாம் பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள்.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நாம் நின்று கவனிக்க வேண்டும். 1993-க்கும் 1998-க்கும் நடுவில் ஐந்து வருஷம். கோப்பை வாங்கிய படத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், இந்த ஐந்து வருஷத்தை யாரும் பார்ப்பதில்லை. அதில் அவர் செய்தவை என்று எனக்குப் படுவது மூன்று.

முதலாவது, ஆட்ட முறையை மாற்றிக்கொள்ளவில்லை. பயமாக இருக்கிறது என்று பின்கோட்டில் போய் ஒளிந்துகொள்ளவில்லை. எந்த ஆட்டம் அவரைக் காட்டிக் கொடுத்ததோ அதே ஆட்டத்தை, வலையை நோக்கி ஓடுகிற அதே ஆட்டத்தை ஆடினார். புல் தரையில் தன்னுடைய பலம் அதுதான் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது, அவர் பக்கத்தில் இருந்த ஆள். அவருடைய பயிற்சியாளர் ஹனா மாண்ட்லிகோவா. நான்கு கிராண்ட் ஸ்லாம் வாங்கியவர் என்று சொன்னேன் இல்லையா? அந்த நான்கில் விம்பிள்டன் கிடையாது. 1981-லும் 1986-லும் விம்பிள்டன் இறுதி வரை வந்து இரண்டு தடவையும் தோற்றவர். அதாவது, சீடப்பிள்ளைக்கு எங்கே வலித்ததோ அதே இடத்தில் ஏற்கெனவே அடிபட்டவர் குருவாக இருந்தார். "உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்ல உரிமை உள்ளவர்கள் சில பேர்தான்.

மூன்றாவது, அவர் இரட்டையர் ஆட்டத்தை விடவில்லை. ஒற்றையரில் பாயின்ட் போனால் திரும்பிப் பார்க்க ஒரு முகம் கிடையாது. இரட்டையரில் கூட ஒரு ஆள் இருக்கிறது, கையில் ஒரு தட்டுத் தட்டி "விடு, அடுத்தது பார்த்துக்கலாம்" என்று சொல்ல. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1997-ல் தன்னைத் தோற்கடித்த ஹிங்கிஸோடு 1998-ல் ஜோடி சேர்ந்து ஆடினார். அந்த வருஷம் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் மூன்றிலும் இரட்டையர் பட்டம் இந்த ஜோடிக்குத்தான்.

இப்போது 1998 விம்பிள்டன் ஒற்றையர். காலிறுதியில் வீனஸ் வில்லியம்ஸை வென்றார். அரையிறுதியில் யார் என்று நினைக்கிறீர்கள்? தன் ஜோடி ஹிங்கிஸேதான். 6-4, 6-4. ஜூலை 4-ஆம் தேதி இறுதிப் போட்டி, பிரான்ஸின் நத்தாலி டோசியாவோடு. முதல் செட் 6-4. இரண்டாவது செட் டைபிரேக்கருக்குப் போனது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் டைபிரேக்கரை விட்டவர். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. 7-2 என்று எடுத்தார். மேட்ச் முடிந்தது.

கோப்பையைக் கொடுத்தது அதே கென்ட் கோமகள். 1993-ல் சொன்ன வார்த்தை பலித்தது. நவோட்னாவுக்கு அப்போது 29 வயசு 9 மாதம். ஓப்பன் யுகம் என்று சொல்கிற 1968-க்குப் பிந்தைய காலத்தில், முதல் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டத்தை அவ்வளவு வயசில் வாங்கிய பெண் அதுவரை யாரும் கிடையாது. அவர் வாங்கிய ஒரே கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டமும் அதுதான். அடுத்த வருஷமே, 1999-ல், ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

பொதுவாக மேடையில் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். 'விடாமுயற்சி வெற்றி தரும், அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்று சொல்லி, நீங்கள் கைதட்ட, நான் உட்கார்ந்துவிடலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் அம்மி எல்லோருக்கும் நகர்வதில்லை. அவருடைய குரு மாண்ட்லிகோவாவுக்கு விம்பிள்டன் கடைசி வரை கிடைக்கவில்லை. அவர் முயற்சி பண்ணாமலா இருந்தார்? பாடுபட்டவர்களுக்கெல்லாம் ஒரு 1998 காத்திருக்கிறது என்று இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் பொய் சொல்ல மாட்டேன்.

நான் இங்கே வந்தது அதற்குப் பிறகு நடந்த கதையைச் சொல்லத்தான்.

2014-ஆம் வருஷம். அதே பிர்னோ நகரம். பார்போரா கிரெஜ்சிகோவா என்று 18 வயசுப் பெண். ஜூனியர் போட்டிகளில் ஆடும் வயசு முடிகிறது. அடுத்து என்ன? தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதா, படிக்கப் போவதா என்று முடிவெடுக்க முடியாத குழப்பம். இங்கே இறுதியாண்டு படிக்கிற தம்பி தங்கைகளுக்கு அந்தக் குழப்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் என்ன செய்தார்? ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, நவோட்னா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

முன்பின் பழக்கம் இல்லாத ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள். நவோட்னா கதவைத் திறந்தார். அந்தப் பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்தார். உனக்குத் திறமை இருக்கிறது, நீ தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாம் என்று சொன்னார். சொன்னதோடு கைகழுவவில்லை, தானே பயிற்சியாளராக நின்றார்.

2017 நவம்பர் 19-ஆம் தேதி புற்றுநோயில் நவோட்னா காலமானார். வயசு 49 தான். நோய் முற்றிய அந்த நாட்களிலும் கிரெஜ்சிகோவா அவரோடு இருந்தார். ஆட்டத்தைச் சந்தோஷமாக ஆடு, ஒரு கிராண்ட் ஸ்லாம் வாங்கப் பார் என்பதுதான் அவர் தனக்குக் கடைசியாகச் சொன்னது என்று பிற்பாடு அந்தப் பெண் சொன்னார்.

2018-ல் கிரெஜ்சிகோவா, தன் நாட்டுக்காரரான கேத்தரினா சினியகோவாவோடு சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரண்டிலும் இரட்டையர் பட்டம் வாங்கினார். 2021 பிரெஞ்சு ஓப்பனில் ஒற்றையர். அந்தப் போட்டியின் நான்காவது சுற்றுக்கு முன்னால், மைதானத்துக்குள் இறங்கவே பயந்து, பிசியோதெரபி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுததாக அவரே சொன்னார். மனநல ஆலோசகரிடம் பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஆடினார், ஜெயித்தார். அரையிறுதியில் ஒரு மேட்ச் பாயின்ட்டைத் தாண்டி வந்து, மூன்றாவது செட்டை 9-7 என்று எடுத்தார். இறுதியிலும் ஜெயித்தார். பட்டத்தை நவோட்னாவுக்குக் காணிக்கையாக்கினார்.

1995-ல் நவோட்னா ஒன்பது மேட்ச் பாயின்ட்டை விட்டது இதே பிரெஞ்சு ஓப்பனில்தான். அந்த வருஷம் டிசம்பரில் பிறந்த பெண் கிரெஜ்சிகோவா.

அதோடு முடியவில்லை. 2024 ஜூலை 13-ஆம் தேதி, விம்பிள்டன் இறுதி. தரவரிசையில் 31-ஆவது இடம் கொடுக்கப்பட்டிருந்த கிரெஜ்சிகோவா, இத்தாலியின் ஜாஸ்மின் பாவ்லினியை 6-2, 2-6, 6-4 என்று வென்றார். விம்பிள்டனில் ஜெயித்தவர்களின் பெயர்களை எழுதி வைத்த பலகை ஒன்று உண்டு. அதில் 1998-க்கு நேராக நவோட்னா பெயர். 2024-க்கு நேராக இவர் பெயர். அந்தப் பலகையைப் பார்த்ததும் கிரெஜ்சிகோவாவால் அழுகையை அடக்க முடியவில்லை. நவோட்னா வீட்டுக் கதவைத் தட்டிய அந்த நாள்தான் தன் வாழ்க்கையை மாற்றியது என்று மைதானத்திலேயே சொன்னார்.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம்.

உங்கள் கையில் இருக்கிற இந்த மலரின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பழைய மாணவர் முகவரிப் பட்டியல் இருக்கிறது. பெயர், பிரிவு, படித்து முடித்த வருடம், இப்போதைய பதவி, தொலைபேசி எண். பதவியைப் பாருங்கள்: பொது மேலாளர், இயக்குநர், தலைமைப் பொறியாளர், துணைத் தலைவர். படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது வருஷத்தில் நாலு அரியர் வைத்துக்கொண்டு, வீட்டில் சொல்ல முடியாமல், ரூமில் சுருண்டு படுத்திருக்கிற ஒரு தம்பிக்கு இந்தப் பட்டியல் என்ன சொல்லும்? 'இங்கே படிச்சவங்க எல்லாரும் ஜெயிச்சவங்க, நீ ஒருத்தன்தான் தோத்தவன்' என்றுதான் சொல்லும். அது உண்மையா? இந்த அரங்கத்தில் இருக்கிற அண்ணன்மார்களே, நீங்களே சொல்லுங்கள். அரியர் வைக்காதவர் எத்தனை பேர்? கேம்பஸ் இன்டர்வியூவில் வெளியே அனுப்பப்படாதவர் எத்தனை பேர்? ஆரம்பித்த தொழிலை மூடிவிட்டுக் கடனை அடைத்தவர்கள், வளைகுடாவில் வேலை போய்த் திரும்பி வந்தவர்கள், ஐ.டி. கம்பெனி ஒரே நாளில் வெளியே அனுப்பியவர்கள், நமக்குள் இல்லையா? பட்டியலில் இதற்கு ஒரு பத்தி இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். என் வகுப்பில் படித்த ஒருத்தன். பெயர் வேண்டாம். ஹாஸ்டலில் எங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். கடைசி வருஷம் குடும்பச் சூழ்நிலையில் பட்டம் முடிக்க முடியாமல் போய்விட்டது. இன்றைக்கு சொந்த ஊரில் மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்து நன்றாக இருக்கிறான். வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறான், பிறந்தநாள் என்றால் முதல் வாழ்த்து அவனுடையதுதான். ஒன்றுகூடலுக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறான். "அங்க வந்து நான் என்னன்னு சொல்லிக்கிறது?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவனுக்கு இல்லை, நம் சங்கத்துக்கு இருக்கிறது. படிப்பை இடையில் விட்டுவிட்டு வாழ்க்கையை எப்படி நிமிர்த்துவது என்று ஒரு தம்பி கேட்டால், பொது மேலாளரைவிட அவன்தான் நல்ல பதில் சொல்வான்.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த வருஷ மலரில் முகவரிப் பட்டியலில் இன்னும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். தலைப்பு: 'என்னிடம் எதைப் பற்றிக் கேட்கலாம்.' கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டவர்கள் எழுதட்டும். ஒருவர் 'அரியர்களை முடித்தது எப்படி' என்று எழுதலாம். ஒருவர் 'வேலை போன பிறகு முதல் ஆறு மாதம்' என்று எழுதலாம். ஒரு அக்கா 'குழந்தை பிறந்து ஐந்து வருஷம் கழித்து வேலைக்குத் திரும்பியது' என்று எழுதலாம். பட்டம் முடிக்காதவர்களையும் நம் பட்டியலில் சேர்க்க வேண்டும். இந்தக் கல்லூரியில் சேர்ந்து படித்தவர்கள் எல்லோரும் இந்தக் கல்லூரிக்காரர்கள்தான். செலவு என்று பார்த்தால் மலரில் கூடுதலாக நாலு பக்கம். அந்த நாலு பக்கத்துக்கான விளம்பரத்தைப் பிடித்துத் தருவது என் பொறுப்பு. (கைதட்டல்)

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. தெரியாத எண்ணிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டு, "சார், நான் நம்ம காலேஜ்தான்" என்று தயங்கித் தயங்கி ஆரம்பிப்பான். "பயோடேட்டா அனுப்புப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடாதீர்கள். அவன் கேட்க வந்தது வேலையாக இல்லாமல் இருக்கலாம். பத்து நிமிஷம் கேளுங்கள். பொய்யாகத் தைரியம் சொல்ல வேண்டாம். நவோட்னா அந்தப் பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வார்த்தை சொன்னார். நீங்களும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. கதவு தானாகத் திறக்காது. அந்த 18 வயசுப் பெண் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, நேரில் போய் நின்றாரே, அதற்குத் தைரியம் வேண்டும். கூச்சமாக இருந்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை! (சிரிப்பு) அப்படிப் போகும்போது, பதவியில் பெரியவர் யார் என்று மட்டும் தேடாதீர்கள். உங்களுக்கு வலிக்கிற இடத்தில் அடிபட்டு எழுந்தவர் யார் என்று விசாரித்துப் போங்கள்.

இன்றைக்கு மதியம் சாப்பாட்டுப் பந்தியில் பழைய மாணவர்கள் ஒரு பக்கம், இப்போதைய மாணவர்கள் ஒரு பக்கம் என்று உட்கார வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கலந்து உட்காருங்கள். எந்த டிபார்ட்மென்ட், எந்த வருஷம் என்று ஆரம்பித்தால் மற்றது தானாக வரும். நானும் உங்களோடுதான் உட்காரப் போகிறேன், சாம்பார் ஆறுவதற்குள் இறங்கிவிடுகிறேன்.